எடை குறைந்த ஃப்ளைவீல்: கேள்வி பதில்

லேசான ஃப்ளைவீல் மாட்டினால் குதிரைத்திறன் கூடும் என்று மெக்கானிக் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

இல்லை. ஃப்ளைவீல் என்பது என்ஜின் தண்டின் முனையில் சுழலும் கனமான வட்டத் தகடு. என்ஜின் ஒரே வேகத்தில் ஓடும்போது அது எதையும் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. வேகம் ஏறும்போது மட்டும் தன்னைச் சுழற்றிக்கொள்ள முறுக்குவிசையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. நாம் குறைப்பது அந்தப் பங்கை. கனமான உருளையை முடுக்கி என்ஜின் திறனை அளக்கும் டைனோ கருவியில் எண் சற்றே உயர்ந்து தெரிவதும் இதனால்தான்.

வெறும் 3 கிலோ குறைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? ஸ்டெப்னியை இறக்கினால் அதைவிட அதிகம் குறையுமே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மையத்திலிருந்து 13 சென்டிமீட்டர் தள்ளி, விளிம்பில் 3 கிலோவைக் கடைந்தெடுத்தால் நிலைமத் திருப்புத்திறன் (சுழல் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) சுமார் 0.05 கிலோகிராம் சதுர மீட்டர் குறையும். இதைக் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சக்கர ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முதல் கியர் 3.5, இறுதி விகிதம் 4 என்றால் மொத்தம் 14. சக்கர ஆரம் 30 சென்டிமீட்டர். விடை, கிட்டத்தட்ட 109 கிலோ! முதல் கியரில் முடுக்கும்போது வண்டியிலிருந்து அவ்வளவு எடையை இறக்கியதற்குச் சமம். அதே வண்டி 0.8 விகிதமுள்ள ஐந்தாம் கியரில் போகும்போது அந்தப் பலன் 6 கிலோகூடத் தேறாது.

ஆகவே, முதல் இரண்டு கியர்களில் அடிக்கடி முடுக்க வேண்டிய பந்தயமா என்று முதலில் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலையேற்றப் பந்தயத்தில் நல்ல பலன் உண்டு. நீண்ட நேர்ப்பாதைகள் உள்ள களத்தில் அந்தப் பணத்தை டயருக்குச் செலவிடுவேன். இன்னொன்று: நடுப்பகுதியில் அதே 3 கிலோவைக் குறைத்தால் இந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்காது. எடை எங்கே குறைகிறது என்பதுதான் முக்கியம். விற்பவர் வெறும் கிலோவைச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

பழைய ஃப்ளைவீலையே லேத்தில் கடைந்து மெலிதாக்கலாமா?

வார்ப்பிரும்பு என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். 7,000 ஆர்.பி.எம்.மில் 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள விளிம்பு மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அங்கே இருக்கும் வெறும் 10 கிராம் உலோகம் ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமமாக வெளிப்புறம் இழுக்கும். வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது; கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும். உடைந்த துண்டு கிளட்ச் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும், ஓட்டுநரின் கால்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எஃகுக் கட்டியிலிருந்து கடைந்த, பந்தயத்துக்கெனச் சான்று பெற்ற ஃப்ளைவீலை வாங்குங்கள். பொருத்தும் முன் பேலன்ஸ் பார்ப்பதும், புது போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் முறுக்குவதும் கட்டாயம்.

அலுமினியமா, எஃகா?

அலுமினியம் இன்னும் லேசு. ஆனால் கிளட்ச் உரசும் முகத்தில் தனி எஃகுத் தகடு இருக்க வேண்டும். அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். தெருவிலும் களத்திலும் ஒரே வண்டியை ஓட்டுபவருக்கு எஃகையே பரிந்துரைப்பேன்.

மாற்றியபின் நியூட்ரலில் கியர் பாக்ஸ் கடகடக்கிறது. ஐட்லிங்கும் நடுங்குகிறது. பழுதா?

உங்கள் வண்டியில் முன்பு இரட்டை நிறை ஃப்ளைவீல் (வில்சுருள்களால் இணைத்த இரண்டு தட்டுகள் கொண்டது) இருந்திருந்தால் பெரும்பாலும் பழுதல்ல. நான்கு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நடக்கிறது. அந்த விட்டுவிட்டு வரும் உதைப்பை உள்ளிருந்த வில்சுருள்கள் விழுங்கிவந்தன. இப்போது அது நேராகக் கியர்களுக்குப் போகிறது. கிளட்ச் தட்டு ஸ்பிரிங் வைத்ததுதானா என்று பாருங்கள். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால் மேலே சொன்னதே காரணமாக இருக்கலாம். மிதித்த பிறகும் தொடர்ந்தால் வண்டியை ஓட்டாமல் கழற்றிப் பாருங்கள்.

கனமான வண்டி, சிறிய என்ஜின், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேர்கோட்டுப் பந்தயம். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கிளட்ச்சை விடும் கணத்தில் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான் வண்டியை நகர்த்தித் தருகிறது. அதைக் குறைத்தால் தொடக்கத்திலேயே என்ஜின் திணறும்.