பச்சைப் புள்ளி இல்லாத ஊரில் சீஸ் பலகாரம்

தங்கச்சி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நீங்கள் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் சூடான காற்றிலேயே பொரித்தெடுக்கும் ஏர் ஃபிரையரை விட்டுப் போயிருக்கிறார்கள், பள்ளி முடிந்து வரும் மகள் மொறுமொறுவென்று சீஸ் பலகாரம் கேட்கிறாள், நாங்களோ சுத்த சைவம், எதை நம்பி வாங்குவது, எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மன்னார்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு இந்த ஊரிலேயே தலை நரைத்துவிட்டது. அந்த உரிமையில் சொல்கிறேன்: கடையில் கவனமாக இருந்துவிட்டால் அடுப்படியில் பாதி வேலை முடிந்தது.

நம் இந்தியாவில் பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டால் மறுயோசனை இல்லாமல் வாங்கிவிடுவோம். இங்கே அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது. ஹலால் முத்திரை இருக்கும். அது சைவத்துக்கான முத்திரை அல்ல. சீஸ் செய்யப் பாலைத் திரியவைக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிரிலிருந்தும் தயாராகிறது. முறைப்படி அறுத்த கன்று என்றால் ஹலாலுக்குத் தடையில்லை. நமக்குத்தான் தொண்டையில் இறங்காது. ஆகவே சேர்மானப் பட்டியலில் 'மைக்ரோபியல் ரென்னெட்' (நுண்ணுயிர் ரென்னெட்) என்றோ 'வெஜிடேரியன்' என்றோ தெளிவாக அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். வெறும் 'ரென்னெட்' என்று மட்டும் போட்டிருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும். இத்தாலிக்காரர்களின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் பக்கம் போகவே வேண்டாம். கன்று ரென்னெட்டில் செய்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம் என்பது அவர்கள் விதி. அதன் விலையைப் பார்த்தால் ஆசையும் தானே அடங்கிவிடும்.

லேபிள் படிக்கும் தொல்லையே வேண்டாம் என்றால் பனீர். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிப்பதால் ரென்னெட் பேச்சுக்கே இடமில்லை. உறைந்த பனீர் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். வீட்டில் செய்வதானால் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் முழுக் கொழுப்புப் பாலை வாங்குங்கள். மாதக்கணக்கில் வெளியே இருக்கும் பெட்டிப் பால் சரியாகத் திரளாது, கொழகொழவென்று நிற்கும். தோட்டத்துப் பக்கம் இன்னும் மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பனீர் சூட்டில் உருகாது. துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, சோள மாவு, மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் போட்டுப் புரட்டி, 190 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் வேலை முடிந்தது. இடையில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள்.

ஆனால் உங்கள் மகள் கேட்பது இழுத்தால் நூல்நூலாக வரும் சீஸ் என்று நினைக்கிறேன். அதற்குப் பொப்பியா தோலை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சீனர்களின் சுருள் பலகாரத்துக்கான அந்த மெல்லிய சதுரத் தோல் இங்கே எந்தக் கடையின் உறைபெட்டியிலும் இருக்கும். முட்டையும் வேண்டாம், ரொட்டித்தூளும் வேண்டாம். தோலை ஈரத்துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரியுங்கள். காற்றுப் பட்டால் அப்பளம்போல் நொறுங்கும். கட்டியாக விற்கும் மொஸரெல்லா சீஸை விரல் தடிமனுக்கு நறுக்கி, மிளகுத்தூளும் பொடியாக அரிந்த பச்சை மிளகாயும் தூவி, இரு ஓரத்தையும் உள்ளே மடித்து இறுக்கமாகச் சுருட்டி, மைதாப் பசையால் ஒட்டுங்கள். மூலையில் ஊசி நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் சீஸ் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

சுருட்டியதை உடனே சூட்டில் வைக்காதீர்கள். உறைபெட்டியில் ஒரு மணி நேரமாவது கிடக்கட்டும். தோல் சிவந்து மொறுமொறுப்பாகும்வரை உள்ளே இருப்பது உருகி ஓடாமல் காப்பது அந்தக் குளிர்தான். பிறகு மேலே எண்ணெய் தடவி, 190 டிகிரியில் ஏழெட்டு நிமிடம், பாதியில் திருப்பிப் போட வேண்டும். ஒட்டின இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு தலைகாட்டினால் அடுத்த நொடி வெளியே எடுத்துவிடுங்கள். எண்ணெய் தடவச் சோம்பல்பட்டால் தோல் காகிதம்போல் வறண்டுவிடும். சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் இருக்கும் ஊரில் ஒரு கரண்டி எண்ணெய்க்கா பஞ்சம்?

வெறும் சீஸையும் வறுவலாக்கலாம். செடார் சீஸைத் துருவி, பேக்கிங் தாளில் சிறு சிறு குவியலாக வைத்து, மேலே கொஞ்சம் ஓமம் தூவி, 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். முதலில் நெய் பிரிந்து நுரைக்கும். நுரை அடங்கி ஓரம் பொன்னிறமானதும் எடுங்கள். அப்போது வளைந்து கொடுக்கும், ஆறினால்தான் உடையும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினால் கசந்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்தால் சீக்கிரமே நமுத்துப்போகும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பள்ளிக்கு இதைக் கட்டிக் கொடுக்க வேண்டாம். அதற்கு ஈப்போ புந்தோங் பகுதியின் கச்சாங் பூத்தே என்ற கடலை, பயறு நொறுக்குத்தீனி இருக்கவே இருக்கிறது.

கருவியைப் பற்றி இரண்டு சொல். வெறும் தாளைப் போட்டுச் சூடேற்றாதீர்கள். மேலே சூட்டுக் கம்பி, அதோடு சேர்ந்து காற்றாடி. கனமில்லாத தாள் பறந்து கம்பியில் ஒட்டிக் கருகும். நீங்கள் இருப்பது பழைய ஒயரிங் உள்ள வீடு என்றால், கெட்டிலையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருக வேண்டாம்.

கடைசியாக வாழைக்காய் பஜ்ஜியும் இதில் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. கரைத்த மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகி அடித்தட்டில் தோசையாகிவிடும். அதற்கு வாணலியையே எடுங்கள்.