போனி எக்ஸ்பிரஸை மூட வச்சது ரயில் இல்லீங்க

உங்க பொண்ணு ப்ராஜெக்ட்ல ரயில் வந்ததாலதான் போனி எக்ஸ்பிரஸ், அதாவது அமெரிக்காவுல குதிரை மேல ஆளுங்க கொண்டு போன தபால் சர்வீஸ், நின்னுச்சுன்னு எழுதினதுக்கு டீச்சர் மார்க் கொறச்சது சரிதாங்க, வருஷத்தப் பாருங்க, மிசௌரி செயின்ட் ஜோசப்ல இருந்து கலிபோர்னியா சாக்ரமென்டோவுக்கு குதிரைத் தபால் ஆரம்பிச்சது 1860 ஏப்ரல், கிழக்குல இருந்தும் மேற்குல இருந்தும் போட்ட ரயில் பாதை யூட்டால வந்து சேர்ந்தது 1869 மே 10, அதுக்குள்ள குதிரைய நிறுத்தி ஏழு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. முடிச்சு வச்சது தந்தி. 1861 அக்டோபர் 24 சால்ட் லேக் சிட்டில கிழக்கு மேற்கு கம்பிய இணைச்சாங்க, ரெண்டே நாள்ல குதிரை சர்வீஸ மூடுறதா அறிவிச்சாச்சு. பத்து நாள் எடுத்த சேதி அன்னைக்கே போகும்போது யாரு அதுக்குக் காசு குடுப்பா, அதுவும் அரை அவுன்ஸ் லெட்டருக்கு ஆரம்பத்துல 5 டாலர், அந்தக் காலத்துல கொள்ளை! ரயில் பத்தி எழுதினத அழிக்க வேணாம், கண்டம் தாண்டிப் போன ஸ்டேஜ்கோச் (குதிரை இழுக்கிற பயணிகள் வண்டி) தபாலுக்கு அத மாத்திப் போடச் சொல்லுங்க, அது ரயிலாலதான் போச்சு.