மஞ்சள் ஜெர்சியை நம்பிக் கோடை விளம்பரத்தைத் திட்டமிடலாமா?

கேள்வி: கோவைப் புறநகரில் நீர் விளையாட்டுகளும் ராட்டினங்களும் கொண்ட நடுத்தரமான பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் விளம்பரப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களுக்கான விளம்பரப் பணத்தில் பெரும்பகுதியைக் கிரிக்கெட்டில் போட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் விருப்பம். சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெயித்த மறுநாள் நுழைவுச்சீட்டில் 25 சதவீதத் தள்ளுபடி, தோனி படம் போட்ட ஃப்ளெக்ஸ், சீட்டு வாங்குவோரில் குலுக்கல் முறையில் சிலருக்கு ஐபிஎல் டிக்கெட், பூங்காவுக்குள் பெரிய திரையில் ஆட்டம் என்று நான்கு யோசனைகள் வைத்திருக்கிறார். இவற்றில் எது கூட்டத்தைக் கொண்டுவரும், எது வம்பைக் கொண்டுவரும்?

பதில்: குலுக்கலும் தோனி படமும் உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியவை. பெரிய திரைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தள்ளுபடியால் வழக்கு எதுவும் வராது, கல்லாப்பெட்டிதான் இளைக்கும். இருந்தாலும் விளையாட்டுக்கும் உங்கள் தொழிலுக்கும் தொடர்பு உண்டு என்ற முதலாளியின் எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டாம். ஆட்டத்தைப் பார்ப்பவரை அவர் துரத்துகிறார். உங்களுக்கு வருமானம் தரக்கூடியவரோ ஆட்டத்தை ஆடுபவர்.

முதலில் ரசிகரின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். ஐபிஎல் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால் முதல் ஆட்டம் பிற்பகல் 3.30 மணிக்கு. உங்கள் பூங்கா சாயங்காலத்தோடு மூடிவிடும் என்பதால் இரவு ஆட்டம் உங்களுக்குப் போட்டியும் இல்லை, துணையும் இல்லை. வார இறுதியின் 3.30 மணி ஆட்டமோ நேரடிப் போட்டி. அதைவிட முக்கியமானது, பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவு செய்பவர் யார் என்பது. பிள்ளைகளின் நச்சரிப்பு, அம்மாவின் சம்மதம், பள்ளியில் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர், பனியன் கம்பெனியின் மனிதவள அலுவலர், கல்லூரி விடுதியின் வாட்ஸ்அப் குழு ஆகியவைதான் உங்கள் வாசலுக்கு வேன்களையும் பேருந்துகளையும் அனுப்புகின்றன. சூப்பர் கிங்ஸ் மீது உயிரையே வைத்திருப்பவர் அந்தக் குடும்பத்தில் ஒருவராக இருக்கலாம். அந்த அன்புக்காக அவர் ஆறு பேருக்குச் சீட்டு எடுக்கப்போவதில்லை. அதே வேனில் பெங்களூரு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் கல்லூரி மாணவர் ஒருவரும் இருப்பார். பாலக்காட்டிலிருந்து வருபவர்களுக்கு 2011-இல் ஒரே ஒரு பருவம் ஆடிய கொச்சி அணிக்குப் பிறகு சொந்த அணி என்று எதுவும் இல்லாததால், அங்கே விருப்பங்கள் பல அணிகளுக்கும் சிதறிக் கிடக்கின்றன. வாசல் முழுவதற்கும் மஞ்சள் அடித்துவிட்டால் மற்றவர்களுக்கு அது தங்கள் இடமாகத் தோன்றாது.

தள்ளுபடிக்கு வருவோம். 1,000 பேர் வரும் நாளில் சீட்டு விலையை 25 சதவீதம் குறைத்தால், அதே வசூலைப் பெற ஏறத்தாழ 1,334 பேர் வர வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக. சனிக்கிழமை இரவு அணி ஜெயித்தால் உங்கள் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் கோடை விடுமுறையில் ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் போய் விழுகிறது. எப்படியும் வரவிருந்தவர்களுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்ததாகத்தான் ஆகும். திங்கள் இரவு பதினொன்றரை மணிக்கு ஜெயித்தால், செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்ப எந்தக் குடும்பமும் தயாராக இருக்காது. 2025-இல் சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசியில் நின்றது. அந்த நான்கில் ஒன்று மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டதால், அந்த ஆண்டில் இந்தத் திட்டத்தை நடத்தியிருந்தால் ஏப்ரல், மே இரண்டு மாத விளம்பரத்துக்கும் மூன்றே நாள்தான் மிஞ்சியிருக்கும்.

அணி நன்றாக ஆடினாலும் அது சென்னையில்தான் ஆடும் என்பதற்கும் உறுதியில்லை. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணி தடையில் இருந்தது. 2018-இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்த கையோடு மற்ற உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தும் புனேவுக்குப் போயின. பெருந்தொற்றுக் காலம் முழுக்க ஐக்கிய அரபு அமீரகம், மும்பை என்று அலைந்து, 2023-இல்தான் அணி மீண்டும் சேப்பாக்கத்துக்கு வந்தது. 2025 மே 9 அன்று போட்டிகள் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடங்கியபோது, சென்னையில் மிச்சமிருந்த ஒரே ஆட்டமும் டெல்லிக்கு மாற்றப்பட்டது. ஆகவே எந்த அணியோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும், ஆட்டம் நடக்காவிட்டாலோ இடம் மாறினாலோ எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற ஒரு பத்தி அதில் இருந்தே ஆக வேண்டும். அப்படி எழுதித் தர மறுப்பவரோடு ஒப்பந்தமே வேண்டாம்.

பூங்காவையும் தொழில்முறை விளையாட்டையும் சேர்த்து வெற்றி கண்டவர்கள் இல்லையா என்று உங்கள் முதலாளி கேட்பார். இருக்கிறார்கள், அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1987 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் முடிந்த நொடியில், வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஃபில் சிம்ஸிடம் மைதானத்திலேயே அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கப்பட, டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறேன் என்று அவர் பதில் சொன்னார். எதிரணியான டென்வரின் ஜான் எல்வேயுடனும் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால், யார் ஜெயித்தாலும் டிஸ்னிக்கு விளம்பரம் கிடைத்திருக்கும். கலிஃபோர்னியாவில் இருக்கும் பூங்காவுக்காக அதே வசனத்தை டிஸ்னிலேண்ட் என்று மாற்றியும் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள். டிஸ்னி எந்த அணியின் பெயரையும் வாங்கவில்லை, எந்த அணியின் வெற்றிதோல்வியையும் நம்பியிருக்கவில்லை. பெரிய மகிழ்ச்சிக்குப் பிறகு குடும்பத்தோடு போகிற இடம் எங்கள் இடம் என்ற எண்ணத்தை மட்டும் வாங்கினார்கள். அந்த விளம்பர வரிசை பல பத்தாண்டுகளாகத் தொடர்வதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மாவட்ட அளவிலான கபடிக் கோப்பை, ஆண்டுவிழாப் பரிசு ஆகியவற்றுக்கு அடுத்த நாள் எங்கே போவது என்ற கேள்விக்கு உங்கள் பூங்கா விடையாக இருக்க முடியும். அதற்குத் தோனி தேவையில்லை.

தோனி படத்தை அனுமதியின்றிப் போட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நடிகர் ரஜினிகாந்த் ஓர் இந்திப் படத் தயாரிப்பாளருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், புகழ்பெற்ற ஒருவரின் பெயர், தோற்றம், பேச்சுமுறை ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிரான உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றமே 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு 2012-இல், அமிதாப் பச்சன், ஜெயா பச்சன் இருவரும் நடித்த ஒரு நகை விளம்பரத்தைப் போலவே ஃப்ளெக்ஸ் வைத்த வடஇந்திய ஊரொன்றின் நகைக்கடை, டெல்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றது. ஊரோரம் நாலு ஃப்ளெக்ஸ் வைப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அந்தக் கடைக்காரரும் நினைத்திருப்பார். அணியின் சின்னம், ஐபிஎல் என்ற பெயர், வீரரின் எண் போட்ட மஞ்சள் ஜெர்சி என்று சுற்றி வளைத்து அடையாளம் காட்டுவதும் பாதுகாப்பான வழியாகாது.

குலுக்கலில்தான் பலர் தெரியாமல் விழுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் பரிசுப் போட்டி விதிகளின் அடியில், பொடி எழுத்தில், தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது என்று இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் அதற்குக் காரணம். பொருளோ சீட்டோ வாங்கியவர்களில் சிலரை மட்டும் குலுக்கல் போன்ற முறையில் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதை அந்தச் சட்டம் குறிவைக்கிறது. வெளிமாநில நிறுவனம் நம்மை விலக்கிவைத்துத் தப்பிக்கலாம். கோவையில் வாசல் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த வழி கிடையாது. வாங்கும் எல்லோருக்கும் ஒரே சலுகையைத் தருவது எளிது. போட்டி வைத்தே ஆக வேண்டுமானால் திறமையை வைத்துத் தேர்ந்தெடுங்கள், அதையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அறிவியுங்கள். பரிசாகத் தர நினைக்கும் ஆட்ட டிக்கெட்டிலும் சிக்கல் இருக்கிறது. விளம்பரத்துக்கோ போட்டிக்கோ பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனை இத்தகைய டிக்கெட்டுகளோடு வருவது வழக்கம். 2003 உலகக் கோப்பையின்போது, ஆடியோ சாதனம் வாங்கினால் டிக்கெட் வெல்லலாம் என்ற விளம்பரத்துக்குத் தடை கேட்ட கிரிக்கெட் அமைப்பின் மனுவை டெல்லி உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே சின்னம் எதையும் பயன்படுத்தவில்லை. அந்த வழக்கை நடத்திப் பார்க்கும் வசதி உங்களுக்கு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பெரிய திரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகும். திரைக்குத் தனிக் கட்டணம் இல்லை, நுழைவுச்சீட்டு மட்டும்தான் என்று வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி நான் திரை கட்ட மாட்டேன். ஒளிபரப்பாளரிடம் வணிக உரிமம் பெற்று, 3.30 மணி ஆட்டம் இருக்கும் ஞாயிறுகளில் மட்டும் உணவகப் பகுதியில் காட்டினால் பயன் உண்டு. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது, வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தும் அப்பாக்களை அது இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கும், உணவு விற்பனையும் கூடும்.

இனி, பணத்தை எங்கே போடலாம் என்பது. புளோரிடாவில் டிஸ்னி 1997-இல் ஒரு விளையாட்டு வளாகத்தைத் திறந்தது. அட்லாண்டா பிரேவ்ஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணி 2019 வரை அங்கே பயிற்சி முகாம் நடத்தியது என்றாலும், வளாகத்தின் முக்கியமான வேலை பள்ளி வயதுப் பிள்ளைகளின் போட்டிகளை நடத்துவது. பந்தாட வரும் ஒரு பிள்ளையோடு அப்பா, அம்மா, தங்கை, சில சமயம் பாட்டியும் வருகிறார்கள். ஆட்டம் இல்லாத நேரத்தில் பூங்காவுக்குப் போகிறார்கள்.

கோவையைச் சுற்றி இதற்கு ஈடானது ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் கிரிக்கெட். சூலூர், அன்னூர், பல்லடம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் காலி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மைக் செட் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கிப் போட்டி நடக்கிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசுக்கான தொகையை ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் தருகிறார்கள், அவர்களின் பெயரும் படமும் நோட்டீஸில் வருகின்றன. அங்கே கோப்பையையும் மைக் செட் வாடகையையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளின் வீரர்கள் அனைவருக்கும் ஜூன், ஜூலை மாத வார நாள் ஒன்றுக்கான அனுமதிச்சீட்டைக் கொடுங்கள். ராட்டினம் காலியாகச் சுற்றும் நாளில் அந்தச் சீட்டால் உங்களுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வீரர் தனியாக வர மாட்டார். உடன் வருபவர்களின் சீட்டு, லாக்கர், நீச்சல் உடை வாடகை, மதியச் சாப்பாடு ஆகியவை உங்கள் வரவு. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள், கோவை பம்ப் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் ஊழியர் போட்டிகளையும் இதே முறையில் அணுகலாம்.

தொழில்முறை விளையாட்டின் பளபளப்பு கட்டாயம் வேண்டும் என்று முதலாளி நினைத்தால், டிஎன்பிஎல் எனப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள். 2016-இல் தொடங்கிய அந்தப் போட்டி பெரும்பாலும் ஜூன், ஜூலையில், கோவை, சேலம், திண்டுக்கல், திருநெல்வேலி மைதானங்களில் நடக்கிறது. அது பள்ளி திறந்து உங்கள் கூட்டம் சரியும் காலம். கோவை கிங்ஸ் உங்கள் ஊர் அணி, 2023-இல் கோப்பையை வென்ற அணி. ஆட்டத்துக்கு எடுத்த டிக்கெட்டைக் காட்டும் ஒவ்வொருவருக்கும், எந்த அணியின் ரசிகராக இருந்தாலும், அடுத்த பத்து நாட்களுக்குள் வரும் வார நாளில் சலுகை என்பது எளிமையான, சண்டையில்லாத ஏற்பாடு. அணியின் பெயரை விளம்பரத்தில் போடுவதற்கு மட்டும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் வருபவர்களுக்கு இலவசம் என்று சமூக ஊடகத்தில் அறிவிக்காதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு அணியின் வெற்றி விழாவுக்குக் கூடிய கூட்டத்தில் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். விளையாட்டு ரசிகர் கூட்டம் எவ்வளவு வரும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதால், சலுகை எதுவாயினும் தேதி குறித்த முன்பதிவோடு மட்டுமே கொடுங்கள்.

முதலாளி இன்னமும் நம்பாவிட்டால் விவாதத்தை நிறுத்திவிட்டு ஒரு சோதனைக்கு அனுமதி கேளுங்கள். கிரிக்கெட் விளம்பரத்தைத் திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் மட்டும் செய்து, ஈரோடு, பாலக்காடு பக்கத்தில் வழக்கமான விளம்பரத்தோடு நிறுத்துங்கள். சீட்டு எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அஞ்சல் குறியீட்டைக் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்து, போன ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கத்திலும் வருகை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கத்தில் கூடுதலாக வந்தவர்களின் மொத்தச் செலவு விளம்பரச் செலவைத் தாண்டாவிட்டால், மே மாதப் பாக்கிப் பணத்தை டென்னிஸ் பால் போட்டிகளுக்கு மாற்றச் சொல்லி அந்தக் கணக்கையே அவர் மேசையில் வையுங்கள்.