91 பேருக்கு வேலை இருக்குத்தானே?

தம்பி, ரொறன்ரோவில் 100க்கு 9 பேருக்கு வேலையில்லை என்கிறார்களே, உங்களைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லும் மட்டக்களப்பு ஏஜென்சிக்காரரோ "அப்ப 91 பேருக்கு வேலை இருக்குத்தானே, காசைக் கட்டுங்க" என்கிறார், படுவான்கரை வயலை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கல்லடியிலிருந்து 2011இல் இங்கே வந்தவள். வயலை விற்காதீர்கள்.

ஏஜென்சிக்காரர் சொல்வது 2022ஆம் ஆண்டுக் கதை. அந்தக் கோடையில் கனடா முழுக்க வேலையில்லாதோர் வீதம் 5க்குக் கீழே இறங்கியது. முதலாளிமார் ஆள் தேடி அலைந்தார்கள். பிறகு கனடா மத்திய வங்கி 0.25 வீதத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5க்கு ஏற்றியது. கடன் எடுத்து வீடு கட்டுகிறவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், கடைக்காரரும் புதிதாக ஆள் எடுக்கவில்லை. அதே நேரம் மாணவர், விசிட் விசாக்காரர் என்று சனம் வந்து குவிந்தது. 2025 நடுப்பகுதியில் ரொறன்ரோ 9ஐ ஒட்டி நின்றது.

அந்த 91 பேரையும் கொஞ்சம் பார்ப்போம். என் முதல் மாசி மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வேலை ஏஜென்சி வாசலில் விடிய 5 மணிக்கு நிற்பேன். மச்சாளின் சேப்டி சூ எனக்குப் பெரிது, இரண்டு சொக்ஸ் போட்டுத்தான் கால் நின்றது. ஒருவர் தாளோடு வந்து பெயர் வாசிப்பார். பெயர் வராதவர்கள் சோத்துப் பெட்டியோடு திரும்பி பஸ் ஏற வேண்டியதுதான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்: பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் வேலை, நாலு மணித்தியாலம். அந்தக் கிழமை கணக்கெடுக்க வந்திருந்தால் நானும் வேலையுள்ளவள்தான்! அந்தக் கிழமையில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்தாலே அந்தக் கணக்குக்குப் போதும். தேடி அலுத்து வீட்டில் இருந்துவிட்டவரோ கணக்கிலேயே வரமாட்டார்.

உங்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஏஜென்சிக்காரர் எடுத்துத் தருவதாகச் சொல்லும் எல்.எம்.ஐ.ஏ. என்பது, இங்கே ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுக்கலாம் என்று அரசாங்கம் முதலாளிக்குக் கொடுக்கும் கடிதம். 2024 செப்டெம்பர் 26இலிருந்து, வேலையில்லாதோர் வீதம் 6 அல்லது அதற்கு மேல் உள்ள பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கு அந்த விண்ணப்பத்தைக் கையிலேயே எடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அந்த நகரங்களின் பட்டியலைப் புதுப்பிப்பார்கள். 2025 முழுக்க ரொறன்ரோ அந்த 6 என்ற கோட்டுக்கு மேலேதான். ஒன்ராறியோவில் மணிக்கு 36 டொலருக்குக் கீழே என்றாலே குறைந்த சம்பளம் என்பது 2025 ஜூன் கடைசியில் வந்த கணக்கு. உங்களுக்குச் சொன்ன சாப்பாட்டுக்கடை வேலைக்கு அதில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம். "ரொறன்ரோ இல்லை, பிரம்டன்" என்று கதையை மாற்றினாலும் மயங்க வேண்டாம். பிரம்டன், மிசிசாகா, மார்க்கம் எல்லாம் அதே கணக்குக்குள் வருகிறவை.

கட்டடம், வைத்தியசாலை, உணவு பதப்படுத்தல் போன்ற சில துறைகளுக்கு விதிவிலக்கு உண்டு. நீங்கள் உண்மையிலேயே கை தேர்ந்த மேசனாக இருந்தால் வேறு விதமாகப் பேசலாம். ஏ.எல். முடித்துவிட்டு ஆறு மாதம் போன் கடையில் நின்றது அதற்குள் வராது, கோபிக்க வேண்டாம்.

அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க 1,000 டொலர், அதைக் கட்டுவது முதலாளி. தொழிலாளியிடம் திருப்பி வாங்குவது சட்டப்படி குற்றம். உங்களிடம் கேட்கும் 45 லட்சம் ரூபாய் எதற்கு என்று ஏஜென்சிக்காரரிடமே கேளுங்கள். "விசிட்டில் போய் மாற்றலாம்" என்பார். உள்ளே நின்று வேலை அனுமதி கேட்க விசிட்காரருக்கு விட்டிருந்த வழியை 2024 ஆகஸ்ட் 28உடன் மூடிவிட்டார்கள்.

முற்பணம் கட்டியாச்சா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தை அவரிடம் கேட்டு, என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.