ரகசிய பார்கள் – கடிதம்

வணக்கம் சார்,

அலுவலக வேலையாக நியூயார்க் போயிருந்தேன். நண்பர்கள் ஒரு 'ஸ்பீக்ஈஸி' பாருக்குக் கூட்டிப்போனார்கள். பெயர்ப்பலகை கிடையாது. அலமாரியைத் தள்ளினால் உள்ளே பார்! அமெரிக்க மதுவிலக்கின்போது எல்லா பார்களும் இப்படித்தான் இருந்தனவா? அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வசதியானவர்களுக்கு அப்படித்தான். 52ஆம் தெருவின் '21 கிளப்'பில் சோதனைக்கு ஆள் வந்தால் அலமாரியே சாய்ந்து பாட்டில்களைக் கீழே கொட்டிவிடும். நிலவறைக் கதவு செங்கல் சுவர் போலவே இருக்கும்; சரியான துளையில் கம்பியை நுழைத்தால்தான் திறக்கும். மற்றவர்கள் குடித்தது கடைகளின் பின்கட்டில். கதவு விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் என்ன குடித்திருப்பீர்கள், தம்பி? தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிக் காய்ச்சி விற்றார்கள். யாரும் குடிக்கக்கூடாதென்று அதில் விஷம் கலக்கச் சொன்னது அரசாங்கம். கள்ளச்சாராயக்காரர்கள் அதைப் பிரித்தெடுக்கப் பழகியதும், மெத்தனால் என்ற விஷச் சாராயத்தின் அளவைக் கூட்டச் சொன்னது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்கு ஆட்கள் கண் தெரியாமல், பிதற்றிக்கொண்டு வந்து செத்தார்கள். நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், இந்தச் சாவுகளுக்குத் தார்மீகப் பொறுப்பு அரசுதான் என்று பகிரங்கமாகச் சொன்னார். நல்ல சரக்கு வாங்க வக்கில்லாதவர்கள்தான் சாகிறார்கள் என்றும் சொன்னார். அரசு அதிகாரியாக இருந்துகொண்டே சொன்னார்! மதுவிலக்கு இயக்கத்தின் வெய்ன் வீலரோ, இதைக் குடிப்பவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறான் என்றார்.

தற்கொலையா? இங்கே மதுவிலக்கு இருந்தபோது எங்கள் தெரு ஆசாரி ஒருவர், சாராயத்தில் அரக்கைக் கரைத்த வார்னிஷில் தண்ணீர் ஊற்றுவார். அரக்கு திரிந்து வரும். வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிப்பார். நாளெல்லாம் இழைத்த தோள்வலிக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. ஒருநாள் விடிந்து வெயில் ஏறியபிறகு, "ஏன் இன்னும் விளக்குப் போடலை?" என்று வீட்டில் கேட்டார். மெத்தனால் அப்படித்தான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகி, முதலில் கண் நரம்பில் கை வைக்கும். மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்துகொண்டிருந்த மனிதர் அவர். சாகவா குடித்தார்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அப்போதும், "குடிகாரன்தானே, சாகட்டும்" என்று எழுதினார்கள், படித்தவர்கள்! உங்கள் நண்பர்களில் யாராவது அப்படிப் பேசினால் சிரித்து மழுப்பாதீர்கள். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுங்கள்.