"லாசரு எழுந்தான், என் தம்பி எழவில்லை"

மேடம், வணக்கம்.

எனக்கு 44 வயது, சேலத்தில் வீடு, தனியார் பள்ளியில் வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன், பாடகர் குழுவில் இருந்தேன், சபையில் எந்த வேலை என்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அங்கே போய் உட்காரவே பிடிக்கவில்லை.

என் தம்பி ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு டயாலிசிஸுக்கு வருவான். புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம், "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். லெந்து என்கிற தவக்கால நாட்கள் முழுக்க உபவாச ஜெபம். ஈஸ்டருக்கு முன்னாலேயே தம்பி போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த சபைப் பெண்கள், என் மகள் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டே, "குடும்பத்தில் ஏதாவது மறைவான பாவம் இருக்கும்மா, ஆராய்ந்து பாரு" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் என்ன பாவம்? ஆயரிடம் போய்க் கேட்டால், கேள்வி கேட்பதே பின்மாற்றத்தின், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவதன் ஆரம்பம், ஜாக்கிரதை என்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கத்தில் "பரிபூரண ஜீவன்" என்று ஆரம்பித்து, ஒருவர் கார் வாங்கின சாட்சியில் போய் முடிந்தது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. இத்தனை வருஷம் உழைத்தவள், ஓய்வுநாள் பள்ளியிலிருந்து "கொஞ்சம் ஓய்வு எடுங்கள்" என்று நிறுத்திவிட்டார்கள். மறைவான பாவமாம். யாருக்குத்தான் இல்லை?

கணவர் நல்லவர், ஆனால் பேச்சே கிடையாது, "காலம் ஆற்றும்" என்பதோடு சரி. மாமியார் ஞாயிறு ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். (மகள் பத்தாம் வகுப்பு. லீவு விட்டாலே ஏற்காட்டுக்குப் போய், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மாமா பின்னாலேயே சுற்றுவாள். முன்பெல்லாம் ராத்திரி அவளும் நானும் சேர்ந்து ஜெபித்துவிட்டுத் தூங்குவோம். இப்போது என் அறை வாசலில் வந்து நிற்பாள், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பாதி நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன பேசுவது என்று நான் சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுகிறேன்.)

எனக்குக் கடவுள் வேண்டாம் என்றில்லை, இந்த மாதிரி கடவுள் வேண்டாம். செத்துப்போன லாசருவை இயேசு எழுப்பினார் என்று வேதம் சொல்கிறது. லாசரு எழுந்தான், என் தம்பி எழவில்லை, அது ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இந்தச் சபையை விட்டு விலகிவிடலாமா? அந்தப் பெண்கள் சொன்னதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

*

அன்புச் சகோதரிக்கு,

தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்து, பாவத்தைத் தேடு என்று சொன்னது தவறு. எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவன் நண்பர்கள் அதிகாரம் அதிகாரமாகப் பேசியதும் இதே பேச்சுதான், கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல். பாடம் எடுத்த உங்களுக்கு இது தெரியும், இருந்தாலும் யாராவது ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஆயர், கார் சாட்சி, மாமியார் இதையெல்லாம் இப்போது விட்டுவிடுகிறேன்.

ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் எழுதியிருப்பதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தக் காபியைக் கொடுத்தது உங்கள் மகள். அப்படியென்றால் "மறைவான பாவம்" என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உங்களுக்கு 44 வயது, கோபப்பட முடிந்தது. 15 வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். மாமாவுக்காகச் சரியாக ஜெபிக்கவில்லையோ, தான் சொன்ன ஏதோ ஒரு பொய்யோ, யாருக்கும் தெரியாமல் செய்த ஏதோ ஒன்றோ என்று அவள் தேடிக்கொண்டிருக்கலாம். அவள் மனதில் அதுதான் ஓடுகிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி ராத்திரி அம்மாவின் அறை வாசலில் வந்து நிற்கிற பெண் ஒன்றுமில்லாமல் நிற்க மாட்டாள். செத்துப்போனவர் அவளுக்குத் தாய்மாமா, அம்மா! உங்கள் கடிதம் முழுக்க அவர் உங்கள் தம்பியாக மட்டுமே இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். கேள்வி கேட்டதும் சபை வாயை அடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது. நோக்கம் வேறுதான், நீங்கள் அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் வாசலில் நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

பாதி நம்பிக்கையோடு என்ன பேசுவது என்கிறீர்கள். மாற்கு 9-இல் வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பனிடம் இருந்ததும் பாதிதான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதுகொண்டே சொன்னார். முழுசாக நம்பிவிட்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபவுலர் என்ற ஆய்வாளர் பல வயதினரையும் உட்கார வைத்துப் பேட்டி கண்டு, நம்பிக்கையும் வயதோடு படிப்படியாக மாறும் என்று 1981-இல் எழுதினார். சுற்றியிருப்பவர்கள் சொன்னதை அப்படியே வாங்கி நம்பியவர், ஒரு கட்டத்தில் அதை எடுத்துவைத்துத் தானே சோதித்துப் பார்க்க ஆரம்பிப்பார் என்பது அதில் ஒன்று. நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள், இது பின்மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

லாசருவைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் எழுந்தான், உங்கள் தம்பி எழவில்லை. ஏன் என்று என்னிடம் பதில் இல்லை, பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கதையில் கல்லை எடுப்பதற்கு முன்னால் நடப்பதை ஒருமுறை வாசியுங்கள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் நேருக்கு நேர் குறை சொல்கிறாள், மரியாளும் அதையேதான் சொல்கிறாள். இரண்டு அக்கா தங்கையையும் இயேசு திட்டவில்லை, அழுகிறார். பரிபூரண ஜீவன் என்ற வார்த்தை வருவது யோவான் 10-ஆம் அதிகாரத்தில், இந்த அழுகை 11-இல். காரில் போய் முடிந்த அந்தப் பிரசங்கம் அடுத்த அதிகாரத்தைப் புரட்டவில்லை. தம்பிக்காக அழவும், எங்கே இருந்தீர் என்று கேட்கவும் இடமில்லாத வாழ்க்கையைப் பரிபூரணம் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் அந்த இடத்தை முதலில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் ராத்திரி அவள் வரும்போது விளக்கு எரியட்டும். ஜெபிக்க வராவிட்டால் ஜெபிக்க வேண்டாம், மாமாவைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் அழுதாலும் பரவாயில்லை. அந்தப் பெண்கள் சொன்னது பொய், மாமா போனதற்கு நீ காரணமில்லை என்பதை அவள் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ஏற்காட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் குறைந்துகொண்டே போனாலோ, தன்னையே வெறுத்துப் பேசினாலோ தாமதிக்க வேண்டாம். சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

சபை விஷயத்தை இப்போது முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு போக மனமில்லையா, கொஞ்ச நாள் போகாமல் இருங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அப்புறம் எந்தச் சபை என்று யோசிக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும்.