பழைய ஹோண்டா சிட்டி விடெக் காருக்கு அலுமினியம் கிராங்க் புல்லி மாட்டலாமா? பவர் கூடுமா?

கேட்டவரிடம் 2002 மாடல் சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. எடை குறைந்த அலுமினியம் புல்லி ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். பவர் ஏறுமா, வீட்டிலேயே மாட்ட முடியுமா என்று கேட்கிறார்.

மாட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். இதே வண்டியில் இதே வேலையைச் செய்து, பதினான்கு மாதம் ஓட்டிவிட்டு, பழையதையே திரும்ப மாட்டியவன் நான்.

இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கின் முனையில் பெல்ட் ஓடுகிற சக்கரம்தானே, லேசாக இருந்தால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். கழற்றிய புல்லியைத் திண்ணையில் வைத்துத் துணியால் துடைத்தபோது, அதன் முகத்தில் விரல் நகம் அளவு அகலத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிப் பார்த்தேன். ரப்பர். நடுவே கிராங்கில் உட்காரும் கட்டை, சுற்றிலும் கனமான இரும்பு வளையம், இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் அந்த ரப்பர். புதிதாக வந்த அலுமினியம் புல்லியோ ஒரே துண்டு. அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அந்த ரப்பர் எதற்கு? நாலு சிலிண்டரிலும் முறை வைத்துப் பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு எரிப்பும் கிராங்குக்கு ஓர் அடி. கிராங்க் கெட்டி இரும்பாகத் தெரிந்தாலும், அந்த அடியில் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு, உடனே திரும்ப விரிகிறது. சில குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) அடி விழும் நேரமும் கிராங்க் திரும்பி வரும் நேரமும் ஒத்துப்போய்விடும். ஊஞ்சலைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளினால் உயரம் கூடிக்கொண்டே போவது போல, முறுக்கும் கூடிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கனமான வெளிவளையம் கொஞ்சம் பின்தங்கி நிற்க, நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வை வாங்கிச் சூடாக மாற்றிவிடும். இதனால்தான் மெக்கானிக்குகள் இதை டேம்பர் புல்லி என்கிறார்கள்.

இதைக் கழற்றிவிட்டால் வண்டி நிற்காது, சத்தமும் வராது. எனக்குப் பயமே அங்கேதான். ஸ்டீரிங்கிலும் சீட்டிலும் நமக்குத் தெரிவது முழு இன்ஜினும் ஆடுகிற ஆட்டம். முறுக்கு கிராங்குக்குள்ளேயே நடக்கிறது, கைக்கு வராது. ஆகவே "ஒரு வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினாலாவது மாதத்தில் என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இந்த ஹோண்டா இன்ஜினில் ஆயில் பம்ப் கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் உள் கியரைக் கிராங்க் நேரடியாகச் சுற்றுகிறது. டேம்பர் இல்லாமல் உச்ச ஆர்பிஎம்மில் விரட்டப்படும் இன்ஜின்களில் உடையக்கூடிய முதல் பொருள்களில் அந்தக் கியரும் ஒன்று. கியர் போனால் ஆயில் பிரஷர் போகும், பின்னாலேயே பேரிங்குகள் போகும். விடெக்கின் 106 குதிரைத்திறன் முழுதாக வருவதே 6800 ஆர்பிஎம்மில்தான். இந்த வண்டியை வைத்திருப்பவர் யாரும் அதை 3000-த்திலேயே ஓட்டுவதில்லை.

சரி, கிடைப்பது என்ன? பழைய புல்லியை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 2 கிலோ. புதியது 600 கிராம். இரண்டையும் 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள தட்டையான வட்டுகள் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் கியரில் மொத்த விகிதம் 14, அதாவது இன்ஜின் 14 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று கொண்டால், வண்டியிலிருந்து சுமார் எட்டரை கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். மூன்றாவது கியரில் அது ஒன்றரை கிலோகூட வராது. டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை எடுத்து வைத்தாலே இது கிடைத்துவிடும். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் ஆர்பிஎம் சட்டென்று ஏறுவது உண்மை. அந்தச் சத்தத்தைத்தான் நான் பவர் என்று நம்பினேன். பர்லியார் தாண்டிக் குன்னூர் ஏறும் வளைவுகளில் எந்த வித்தியாசமும் இல்லை.

நான் வாங்கியதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அது விட்டத்திலும் 15 சதவீதம் சின்னது. விட்டம் சுருங்கினால் அது இழுக்கும் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீரிங் பம்ப் எல்லாம் மெதுவாகச் சுற்றும், இன்ஜினுக்குச் சுமை குறையும் என்பது கணக்கு. ரேஸ் டிராக்கில் இது செல்லும், அங்கே ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓட, யாரும் நிற்பதில்லை. நமக்கு அப்படியா? 750 ஆர்பிஎம் ஐடிலில் ஆல்டர்னேட்டர் 640-ல் இருப்பது போலத்தான் சுற்றும். ஒரு மழை இரவில் அவிநாசி ரோட்டு சிக்னலில் வைப்பர், ஹெட்லைட், ஏசி மூன்றும் ஓட, லைட் வெளிச்சம் கண்ணெதிரே மங்கிப் பேட்டரி விளக்கு எரிந்தது. பின் சீட்டில் அம்மா இருந்தார். அந்த வாரமே கழற்றினேன். ஒரு ஆறுதல், இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப், வால்வுகளை இயக்கும் உள் பெல்ட்டான டைமிங் பெல்ட்டில் ஓடுவதால் கூலிங் கெடவில்லை. வாட்டர் பம்ப்பும் வெளி பெல்ட்டில் ஓடுகிற கார்களில் அதுவும் சேர்ந்து குறையும்.

கோவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பம்ப் மோட்டார் புல்லி கடைகிற லேத்தில் கொடுத்து இதையும் கடைந்துவிடலாம் என்று தோன்றும். நம் ஊர்க் கைகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் ஓடும் விசிறி பெல்ட்டின் பற்களுக்கு இடைவெளி 3.56 மில்லிமீட்டர், அது துல்லியமாக வந்தாலும், பேலன்ஸ் பார்க்காமலும் மேற்பரப்பைக் கடினப்படுத்தாமலும் விட்டால் அலுமினியப் பள்ளம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வீட்டிலேயே கழற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது எப்படியும் இது தேவைப்படும், ஆகவே சொல்கிறேன். இடது முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். புல்லியின் நடுவில் இருக்கும் அறுகோணக் குழிக்கு 50 மில்லிமீட்டர் ஹோல்டர் கிடைக்கிறது. அதைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நீண்ட ராடால் போல்ட்டை இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராக, திருப்ப வேண்டும். ராடைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போல்ட் கழன்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். வேறு பல கார்களில் கழலும். இந்த இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதால் இங்கே போல்ட் இன்னும் இறுகும். மூன்று கால் புல்லரை வெளிவளையத்தில் மாட்டி இழுக்காதீர்கள், ரப்பர் பிய்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது இம்பாக்ட் கன்னால் இறுக்கி முடிக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். என் வண்டிக்கு அது 180 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். இறுக்கம் குறைந்தால் புல்லி ஆடி ஆடிக் புல்லியைக் கிராங்கோடு பூட்டி வைக்கும் சாவிப் பள்ளத்தைத் தின்றுவிடும்.

புல்லி மாற்றி நிஜமாகவே பவர் ஏற்றுகிற கார்கள் உண்டு. 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்-ல் சூப்பர்சார்ஜர் இருக்கிறது. அதன் புல்லியை 15 சதவீதம் சின்னதாக்கினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றி அதிகக் காற்றைத் தள்ளும். அது வேறு கதை, நம் சிட்டியில் அந்தச் சாதனமே கிடையாது.

உங்கள் பணத்தைப் புது ஒரிஜினல் டேம்பர் புல்லியில் போடுங்கள். இருபது வருஷ ரப்பர் விறைத்து விரிசல் விட்டிருக்கலாம். சோதிக்க எளிய வழி: நடுக்கட்டை, ரப்பர், வெளிவளையம் மூன்றையும் கடந்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு நேர்கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் வெளிவளையம் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தப் புல்லியில் உள்ள குறியை வைத்து இனி டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்க்கக் கூடாது.